கை தூக்காத நிழல்

சிப்பிக்குடி உப்பளத்தில் சிறுநீரகம் கெட்டவர்களின் நிழல்கள் உடம்பை முந்திக்கொண்டு நடக்கத் தொடங்கியது ஒரு மாசி மாதத்தில், பாத்திகளில் அந்த வருடத்தின் முதல் உப்பு விளைந்திருந்த நேரத்தில், பேச்சிக்கனி தன் வாருபலகையை வரப்பில் சாய்த்துவிட்டுத் தண்ணீர்க் குடத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தபோது. குடிப்பதா வேண்டாமா என்று அவள் இன்னும் நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்குவதற்கு ஒரு மறைவு அந்த வெள்ளைப் பரப்பில் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கிடையாது, அதனால் அளத்துப் பெண்கள் விடிவதற்கு முன் குடித்த ஒரு வாய்த் தண்ணீரோடு வெயில் உச்சிக்கு ஏறும்வரை உப்பு வாருவார்கள். அவர்களைப் பெற்றவர்களும் அப்படித்தான் வாரினார்கள், அப்படித்தான் கால் வீங்கி முகம் வீங்கிச் செத்தார்கள். பேச்சிக்கனி யோசித்து முடிப்பதற்குள் அவளுடைய நிழல் குடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, குனிந்து பலகையின் நிழலை எடுத்துக்கொண்டு, பாத்திக்குள் இறங்கியது. ஒரு வெற்றிலை மடிக்கும் நேரம் கழித்து பேச்சிக்கனியும் திரும்பி, குனிந்து, பலகையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

பக்கத்துப் பாத்தியில் நின்ற ரோசம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எக்கா, ஒன் நெழலு ஒனக்கு முன்னால எறங்கிட்டு."

"எறங்கட்டும். அதுக்கும் வேல கெடக்குல்லா."

வரப்பில் குடை பிடித்து நின்ற கங்காணி ஞானதுரை சிரித்தான். "நெழலுக்குத் தனிக் கூலின்னு ஒங்க சங்கத்து அண்ணாச்சி நோட்டீஸ் அடிச்சிறப் போறாவ, சொல்லி வைங்க," என்றான்.

அவன் சொன்ன அண்ணாச்சி நான்தான். பள்ளிக்கூடம் எனக்குத் தராத எழுத்தைத் துண்டுப் பிரசுரங்கள் தந்தன, அந்த எழுத்தில்தான் முப்பது வருடம் நோட்டீஸ் அடித்தேன், அந்த எழுத்தில்தான் இதையும் எழுதுகிறேன். நிழலுக்குக் கூலி கேட்டு நான் நோட்டீஸ் அடிக்கவில்லை. உடம்புக்கே வாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் ரோசம்மாளின் நிழல் முந்தியது, பிறகு அவள் கொழுந்தனுடையது, பிறகு மோட்டார் கொட்டகையில் தண்ணீர் இறைக்கிறவருடையது, பங்குனி முடிவதற்குள் அளத்தில் பாதிப் பேரின் நிழல்கள் அவர்கள் நினைப்பதற்குச் சற்று முன்னால் நினைத்ததைச் செய்துவிட்டுக் காத்திருந்தன. யாரும் கோயிலில் குறி கேட்கப் போகவில்லை. முதலில் பழகிக்கொண்டவர் டீக்கடை சுடலையாண்டி. கடைக்கு முன்னால் வந்து நிற்பவரின் நிழல் வடைத் தட்டின் பக்கம் கை நீட்டினால் வடையை எடுத்து வைப்பார், கிளாஸ் பக்கம் நீட்டினால் டீயை ஆற்றுவார், ஆள் வாயைத் திறக்கும்போது சூடு கையில் இருக்கும். மினிபஸ் கண்டக்டர், நிழல் படியில் ஏறிவிட்டால் ஆள் ஏறும்வரை விசிலைக் கடித்துக்கொண்டு நின்றார். நிழல் சாராயக்கடைப் பக்கம் திரும்பியதைக் கண்ட மனைவிமார் கதவைப் பூட்டினார்கள், பூட்டிய கதவுக்கு உள்ளே நின்ற கணவன்மார், "நா போகணும்னு நெனைக்கவே இல்லையே," என்று கத்தினார்கள், அது உண்மையும்தான், அவர்கள் இன்னும் நினைத்திருக்கவில்லை. சம்பந்தம் பேச வந்தவர்களை முற்றத்து வெயிலில் நிற்கவைத்துப் பேசும் வழக்கம் வந்தது. நிழல் முந்தினால் வியாதி, முந்தாவிட்டால் தாம்பூலம். சண்டைகள் குறைந்தன, ஓங்கிய நிழலைப் பார்த்ததும் எதிராளி இரண்டடி தள்ளி நின்றுகொண்டதால்.

கங்காணியும் பழகிக்கொண்டான். உப்பு அம்பாரத்தின் மேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எந்த நிழல் உட்காருகிறது என்று பார்த்தான். இன்னும் உட்காராத பெண்களை, உட்கார்ந்ததற்காக வீட்டுக்கு அனுப்பினான்.

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒடம்புல உப்பு ஏறியிருக்கும்மா, உப்பக் கொறைச்சுக்கோங்க," என்றார்கள். பேச்சிக்கனி அதைக் கேட்டுவிட்டு வந்து அம்பாரத்தைக் காட்டி, "எந்தப் பக்கத்துலேருந்து கொறைக்க?" என்று கேட்டாள். அன்று அளம் முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு அப்படிச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

ஆராய்ச்சிக்காரர்கள் சித்திரை பிறந்ததும் வந்தார்கள். தலைமை டாக்டர் மைதிலி, ஐம்பதைத் தாண்டியவர், வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்பவர், தன் சாப்பாட்டுக்கு முன்னால் தானே வயிற்றில் சர்க்கரை ஊசி போட்டுக்கொள்பவர். தீராத நோய் உள்ளவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் அவருடைய படிப்பு. வரப்புகளில் முக்காலி நட்டுக் கேமரா வைத்தார்கள், தலையில் வயர்கள் தொங்கும் ரப்பர்த் தொப்பியைப் பெண்களுக்குப் போட்டார்கள், பிறகு கேள்வி கேட்டார்கள்.

"இன்றைக்கு ஒரு குடம் தண்ணீர் வேண்டுமா, அடுத்த வாரம் பத்துக் குடம் வேண்டுமா?"

"இன்னைக்கு ஒரு கொடம்," என்றாள் பேச்சிக்கனி. அவள் நிழல் அதற்கு முன்பே தலையாட்டியிருந்தது.

"பத்துக் குடம் அதிகம் இல்லையா?"

"அடுத்த வாரம் லாரி வரும்னு ஆரு சொன்னா?"

"வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்."

"நீங்க வச்சுக்கிடுங்க டாக்டரம்மா. நாங்க வச்சு வச்சுப் பாத்துட்டோம்."

அதை, காத்திருக்கும் திறன் குறைவு என்று குறித்துக்கொண்டார்கள். நான் டீக்கடையில் டாக்டரிடம் சண்டைக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. "நீங்கள் சொல்வது நியாயமாக இருக்கலாம், ஆனால் நான் தேடுவது வேறு," என்றார். எல்லா மனிதருக்குமே மூளை முன்கூட்டித் தொடங்கிவிடுகிறது, தான் முடிவெடுத்ததாக ஆளுக்குத் தெரியவருவது அதற்குப் பிறகுதான், அந்த இடைவெளி கண் இமைப்பதற்கும் குறைவு, அதைப் பிடிக்கத் தங்கள் ஊரில் ஒரு அறை நிறைய மெஷின் வேண்டும், இங்கே வியாதி அதை இழுத்து நீட்டித் தரையில் போட்டிருக்கிறது என்றார். "நிழல் செய்ததை மாற்றிச் செய்ய முடியுமா என்று எல்லோரையும் கேட்டுப் பார்த்தேன். நிழல் வலது பக்கம் போனால் இடது பக்கம் போங்கள் என்று சொல்லியே அனுப்பினேன். இதுவரை ஒருவரால்கூட முடியவில்லை."

"எங்காளுங்க முதலாளியையே மாத்த முடியாம இருக்காங்க," என்றேன். அவர் டீயைக் குடித்து முடித்தார்.

அவர் கேட்டுக்கொண்டதால் அளத்துக் கம்பெனி ஒரு வேன் விட்டது. வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்று நோயாளிகளைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிப்போய், ரத்தம் சுத்தம் செய்ததும் திரும்பக் கொண்டுவந்து இறக்கும். டிரைவர் சூசை ஏறும் ஒவ்வொருவரிடமும், "ஏறியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். பேச்சிக்கனியின் கால் வீக்கம் வடிந்தது. அவள் மகள் முத்துச்செல்வி, கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, அம்மாவின் கணுக்காலில் எலும்பு தெரிகிறது என்று தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவோடு தங்கியும்விட்டாள்.

சித்திரைக் கடைசியில் ரோசம்மாள் பாத்தியில் விழுந்தாள். முதலில் அவள் நிழல் படுத்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அதைப் பார்த்து ஓடினார்கள், உடம்பு விழுவதற்குள் தாங்கியும் பிடித்தார்கள், பிடித்த கைகளிலேயே அவள் போனாள். ஏற்கெனவே நோயாளி என்றது கம்பெனி. நான் நோட்டீஸ் அடித்தேன்: குடிக்கத் தண்ணீர், ஒதுங்க இடம், நிற்க நிழல். மூன்றும் கொடுக்கும்வரை பலகை எடுப்பதில்லை. கம்பெனி நோட்டீஸ் அடிக்கவில்லை, ஞானதுரையின் வாயால் சொல்லி அனுப்பியது: வேலை நின்றால் வேனும் நிற்கும்.

எங்கள் அளத்து வழக்கம் ஒன்று உண்டு. வேலைநிறுத்தத் தீர்மானம் என்றால் விடியற்காலையில், பலகை எடுப்பதற்கு முன், அம்பாரத்துக்குக் கீழே கூட வேண்டும், கடலைப் பார்த்து நிற்க வேண்டும், கை தூக்கச் சொன்னால் மூத்த வாருகாரி முதலில் தூக்க வேண்டும், அவள் கை எழாமல் இன்னொரு பெண்ணின் கை எழாது. அந்த வழக்கத்தை வைத்துத்தான் நாங்கள் ஜெயித்ததையெல்லாம் ஜெயித்தோம். அந்த வழக்கத்தால்தான், ஒரே ஒருத்தியின் நிழலைக் கவனித்தால் போதும் என்பதும் கம்பெனிக்குத் தெரிந்துபோனது. மூத்த வாருகாரி பேச்சிக்கனி.

புளியமரத்தடியில் வேனுக்கு நின்றவளிடம் போனேன். மகளும் கூட நின்றாள்.

"உச்சிப்பொழுதுல கூட்டத்த வச்சுக்கிடுவோம்," என்றேன். "நெழல் காலுக்கடியில கெடக்கும். எவனும் பாக்க முடியாது."

"இத்தன வருசம் வெடியக்காலம் தூக்குன கைய இப்பம் ஒளிச்சு வச்சுத் தூக்கணுமோ?"

"ஒனக்காவத்தான் சொல்லுதேன் தாயி."

"எனக்காவச் சொல்லுததுக்கு இவ இருக்கா. நீங்க அளத்துக்காவச் சொல்லுங்க."

முத்துச்செல்வி என்னை நேராகப் பார்த்தாள். "மாமா, எங்கம்மா கை தூக்கலன்னா ஒங்க சங்கம் செத்தா போவும்? தூக்குனா இவ செத்துருவா."

"சங்கம் ஆட்டோ புடிச்சுத் தரும்," என்றேன்.

"எத்தன நாளைக்கு?"

பேச்சிக்கனி மகளின் தோளில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, அவியள ஏன் கொமைக்க? ரோசம்மாளக் கையில தாங்குனது நீயா, அவியளா? நான்லா தாங்குனேன்."

"அப்பம் தூக்கப் போறியா?"

"எனக்கே தெரியலையே. நெழலுட்ட கேளு. அது எனக்கு முன்னால சொல்லிரும்லா," என்று சொல்லி வேனில் ஏறினாள். அவள் நிழல் அவளுக்கு முன்பே ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது.

கூட்டம் விடியற்காலையில்தான் நடந்தது. கடலுக்கு மேல் சூரியன் வந்ததும் எங்கள் நிழல்கள் முதுகுக்குப் பின்னால், அம்பாரத்தின் வெள்ளைச் சரிவில், பனைமர உயரத்துக்கு விழுந்தன. அம்பாரத்தின் உச்சியில் ஞானதுரை நாற்காலியில் இருந்தான். பக்கத்தில் டாக்டர் மைதிலியின் கேமரா. நான் தீர்மானத்தை வாசித்தேன். குடிக்கத் தண்ணீர் என்றேன், ஒதுங்க இடம் என்றேன், நிற்க நிழல் என்றேன், ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன்.

பேச்சிக்கனியின் நிழல் உட்கார்ந்தது.

அம்பாரத்தின் சரிவில் அது மெதுவாகக் கால் மடக்கி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டது. அதைப் பார்த்து, வியாதிக்கார நிழல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கையைத் தொங்கப்போட்டன. பெண்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற முத்துச்செல்விதான் திரும்பிப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னாள், "எம்மா, ஒன் நெழலு உக்காந்துட்டு." அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

"முடிஞ்சிச்சி," என்று ஞானதுரை எழுந்தான். "போங்க, போங்க, பலகைய எடுங்க. அண்ணாச்சி, நீரும் போய் டீயக் குடியும்."

சிலர் பலகையின் பக்கம் திரும்பினார்கள். வெற்றிலை மடிக்கும் நேரம் போனது. பேச்சிக்கனி உட்கார வேண்டிய நேரம் அது. அவள் முழங்கால் ஒருமுறை மடங்கியதை நான் பார்த்தேன், மடங்கி, திரும்ப நிமிர்ந்தது. இன்னொரு வெற்றிலை மடிக்கும் நேரம் போனது. பிறகு அவள் வலது கையைத் தூக்கினாள். சேலைக்கு மேல் போட்டிருந்த ஆண்பிள்ளைச் சட்டையின் கை முழங்கைவரை வழிந்து, ஊசி குத்திக் குத்தித் தடித்த நரம்பு எல்லோருக்கும் தெரிந்தது. சரிவில் அவள் நிழல் கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தே இருந்தது.

அடுத்து இசக்கியம்மாள் தூக்கினாள், அடுத்து ரோசம்மாளின் கொழுந்தன், அடுத்து எல்லோரும். அவர்களுடைய நிழல்கள் என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறி, கைகளுக்குப் பின்னால் கைகளைத் தூக்கின. அந்த நிமிடத்திலிருந்து சிப்பிக்குடியில் எந்த நிழலும் உடம்பை முந்தவில்லை. வியாதி மட்டும் இருந்தது.

டாக்டர் அம்பாரத்திலிருந்து சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தார். "உங்கள் நிழல் உட்கார்ந்துவிட்டதே அம்மா, நீங்கள் எப்படித் தூக்கினீர்கள்?"

"அது பயந்துட்டு டாக்டரம்மா."

"நீங்கள் பயப்படவில்லையா?"

"அதுதான் பயந்துட்டுல்லா. ரெண்டு பேருமா பயப்படணும்? அதுக்கு வேன்ல போணும், பொழச்சுக் கெடக்கணும். போவட்டும். நா இங்கன நிக்கேன்."

அவள் வீட்டுக்கு நடந்தாள். நிழல் அம்பாரத்தில் உட்கார்ந்தே இருந்தது. அன்றிலிருந்து அவள் நிழல் இல்லாமல் நடமாடினாள், ஊர் அதற்கும் பழகியது, சுடலையாண்டி மட்டும், "எக்கா, இனிமே நீ வாயத் தொறந்து கேட்டாத்தான் டீ," என்றார். அவள் கேட்டாள். டாக்டர் அவளுக்கு டீ கொடுக்கக் கூடாது என்றார், அதற்குப் பிறகும் கேட்டாள்.

வேன் மறுநாளே நின்றது. சங்கம் ஆட்டோ பிடித்துத் தந்தது, சங்கத்தின் கை எவ்வளவு தூரம் நீளுமோ அவ்வளவு தூரம். டாக்டர் மைதிலி கிளம்பும்வரை தன் காரை அனுப்பினார். பிறகு வாரம் மூன்று முறை என்பது இரண்டானது, இரண்டு ஒன்றானது. கால் வீங்கியது. முத்துச்செல்வி அம்மாவின் கணுக்காலைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். நான் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். பேச்சிக்கனி மட்டும், "இன்னைக்கு எத்தன பேரு பலக எடுக்கப் போனாவ?" என்று கேட்பாள். ஒருத்தரும் போகவில்லை என்பேன். "செரி," என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஆனியில் அவள் இறந்தாள். அடுத்த வாரம் கம்பெனி கையெழுத்துப் போட்டது. தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள், தகரத்தில் ஒரு கழிப்பறை கட்டினார்கள், வேனைத் திரும்ப விட்டார்கள். நிழற்கூடம் அடுத்த வருடம் என்றார்கள். மூன்று கேட்டு இரண்டு வாங்கினோம். முப்பது வருடத்தில் அது எங்கள் பெரிய வெற்றி, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அம்பாரத்து உப்பை லாரியில் ஏற்றிவிட்டார்கள். பேச்சிக்கனியின் நிழலை ஏற்ற முடியவில்லை. உப்பு இறங்க இறங்க அதுவும் இறங்கி, கடைசியில் தரையில், வரப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. விடியற்காலை நிழல் அது, நீளமானது, வெயில் எந்தப் பக்கம் திரும்பினாலும் குறுகவில்லை. முதலில் இசக்கியம்மாள்தான் தண்ணீர்ச் சொம்போடு போய் அதற்குள் உட்கார்ந்தாள். கிணற்றுப்படியில் உட்கார்ந்ததுபோல் குளுகுளுவென்று இருந்தது என்றாள். மறுநாள் பத்துப் பேர் உட்கார்ந்தார்கள், காலை மடக்கி உட்கார்ந்தால் பத்துப் பேருக்கு இடம் இருந்தது. ஞானதுரைகூடக் குடையை மடக்கிவிட்டு அதன் விளிம்பில் ஒருநாள் நின்றான், பெண்கள் அவனைப் பார்த்தார்கள், நகர்ந்துவிட்டான். ஆய்வுக்கு வந்த அதிகாரி, பெண்கள் நிழலில் இருந்து தண்ணீர் குடிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, நிழல் வசதி உண்டு என்று எழுதிக்கொண்டு போனார். கம்பெனி அதோடு நிழற்கூடத்தை மறந்தது. நான் அதை எதிர்த்து நோட்டீஸ் அடித்தேன். பெண்கள் அதை வாங்கி, மடித்து, விசிறிக்கொண்டார்கள்.

டாக்டர் மைதிலி அடுத்த வருடம் வந்தார். ஆராய்ச்சி அச்சாகிவிட்டது என்றார்.

"பேச்சிக்கனி அதுல இருக்காளா?" என்று கேட்டேன்.

"இல்லை. மற்ற எல்லோரும் ஒரு பக்கம், அவர் ஒருவர் மட்டும் ஒரு பக்கம். ஒரு ஆளை வைத்து எதையும் சொல்ல முடியாது. நீக்கிவிட்டுத்தான் கணக்குப் போட முடிந்தது."

"நாங்க ஒரு ஆள வச்சுத்தான் எல்லாத்தையும் செஞ்சோம்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். வெயிலில் நின்று அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, இசக்கியம்மாள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நிழலுக்குள் உட்காரவைத்து, சொம்பை நீட்டினாள். அவர் குடித்தார். அவருக்குப் பக்கத்தில் பெண்களும் குடித்தார்கள், பயமில்லாமல், வயிறு நிறைய. அன்று புதன்கிழமை.

வேன் வரும் நேரம் ஆனதும் நிழல் எழுந்தது. மடியிலிருந்து கைகளை எடுத்து, தரையில் ஊன்றி, வியாதிக்காரி எழுந்திருக்கும் விதமாக எழுந்து, புளியமரத்தை நோக்கி நடந்தது. திங்கள், புதன், வெள்ளி அது அப்படித்தான் போகும். அதற்குள் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து, சொம்புகளை எடுத்துக்கொண்டு, அதற்குள்ளேயே நடந்தார்கள். டாக்டரும் நடந்தார். வரப்பிலிருந்து ஞானதுரை, "ஏளா, பலகையப் போட்டுட்டு எங்க போறீய? ஆரு சொன்னா?" என்று கத்தினான். யாரும் சொல்லவில்லை. தீர்மானம் எதுவும் இல்லை. அந்தக் கிழமைகளில், வேன் வந்து போகும்வரை, சிப்பிக்குடி அளத்தில் ஒரு பலகையும் அசையாது, நான் அதற்கு நோட்டீஸ் அடித்ததில்லை.

வேன் வந்து நின்றது. நோயாளிகள் ஏறினார்கள். வேனுக்கு உள்ளே முத்துச்செல்வி இருந்தாள், அவளுக்கும் இப்போது வாரம் மூன்று நாள். அவள் ஜன்னலோரத்து இருக்கையை விட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். நிழல் படியில் ஏறியது. சூசை திரும்பிப் பார்த்து, "ஏறியாச்சா?" என்று கேட்டார், கொஞ்ச நேரம் காத்திருந்தார், கதவைச் சாத்தினார்.

நாங்கள் வெயிலில் நின்றோம்.